அந்தப் பக்கத்துச் சேதி

ஆல்வின் வாத்தியாராகித் திரும்பி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் பூர்வகுடிகளின் ஊரான குருலிங் ஓடையில் சந்தோஷப்படாதவர்களே இல்லை. அதிலும் டெல்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே குளித்து, பெரிய பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். டார்வின் நகரத்தில் படித்து, பட்டம் வாங்கி, அரசாங்கம் ஒப்புக்கொள்கிற வாத்தியாராக அந்த ஊர்க்காரன் ஒருவன் வருவது அதுதான் முதல் தடவை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு டொயோட்டா வந்து நின்றது. முன்கதவைத் திறந்து ஆல்வின் இறங்கினான். பின்கதவைத் திறந்து ரேலின் இறங்கினாள். ரேலின் டெல்மாவின் மகள். டார்வின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். இறங்கியவள் தன் பையையும் ஆல்வினின் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதற்கு மேல் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டெல்மா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஆல்வினும் நல்ல பிள்ளையாக வண்டிக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துகொண்டான்.

"ஏண்டி, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" வேலியைப் பார்த்தபடியே கேட்டாள் டெல்மா.

"சொல்லியிருந்தா நீ வேலிகிட்ட வந்து நின்னிருப்பியாம்மா?" என்றாள் ரேலின். "முறை சரியாத்தானே இருக்கு? உனக்கு என்ன குறை?"

முறையில் குறையே இல்லை. தேடித் தேடிப் பார்த்தாலும் அதைவிடப் பொருத்தமான முறையில் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். சிக்கலே அதில்தான். அந்த ஊரில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஓர் அறையில் சேர்ந்து இருக்கக் கூடாது, பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. இதில் பகை ஒன்றும் கிடையாது. மரியாதைகளிலேயே பெரிய மரியாதை இது; அம்மாவிடம்கூட அவ்வளவு பணிவு காட்டத் தேவையில்லை. டெல்மா அந்த நிமிஷத்திலிருந்து ஆல்வின் என்ற பெயரை வாயில் எடுக்கவில்லை. நமக்கு அந்த முறை இல்லை என்பதால் நாம் ஆல்வின் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

டெல்மா வீட்டுக்குப் போய்ப் பூப்போட்ட பாவாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு அழுதாள். மகள் கல்யாணத்துக்கு அழவில்லை. பள்ளிக்கூடத்தை நினைத்து அழுதாள்.

விஷயம் இதுதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்த மொழியில் பாடம் நடத்த டெல்மா எத்தனையோ வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்து, எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது ரேலின் சின்னப் பெண். அம்மா சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். ஆனால் இன்றுவரை கிரியோலில்தான் பதில் சொல்வாள். வெள்ளைக்காரர்களின் மாட்டுப்பண்ணைகளில் வேலை பார்த்த நாட்களில் ஆங்கிலத்தை உடைத்து ஊறவைத்து உண்டாக்கின கிரியோலில் டெல்மாவுக்கு ஒரு வெறுப்பும் இல்லை. வம்பு பேச அதைவிட நல்ல மொழி ஏது? ஆனால் பெற்ற பெண் தன் மொழியில் தன்னோடு ஒரு முறைகூடச் சண்டை போட்டதில்லை என்பது அவளுக்கு மாறாத வலி.

இப்போது மறுபடி அனுமதி கிடைத்திருந்தது. பட்டம் பெற்ற வாத்தியாராக ஆல்வினும், மொழி நன்றாகத் தெரிந்தவளாக டெல்மாவும் சேர்ந்து வகுப்பை நடத்த வேண்டும். பருவ முடிவில் டார்வினிலிருந்து அதிகாரி வருவார். பிள்ளைகள் வாய் திறந்து பேசினால் வகுப்பு நிலைக்கும். பேசாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி ஆங்கிலம் மட்டும்தான்.

தலைமையாசிரியை ஹெதர் அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷி, கொஞ்சம் அவசரக்காரி.

"உங்க ரெண்டு பேருக்கும் பெரிய அறையா ஒதுக்கியிருக்கேன் டெல்மா. மேஜைகூடப் பக்கத்துப் பக்கத்துல போட்டாச்சு" என்றாள்.

"அவரு இப்ப என் மருமகன்" என்றாள் டெல்மா.

"அட, வாழ்த்துகள்! ஒரே குடும்பமாயிட்டீங்க. இன்னும் வசதியாப் போச்சு!"

"என்னத்த வசதி? அவரு வாசல் வழியா வந்தா நான் ஜன்னல் வழியாக் குதிச்சுப் போகணும். இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எந்த ஜன்னல்ல நுழையறது, நீங்களே சொல்லுங்க."

ஹெதர் சிரித்தாள். டெல்மா சிரிக்கவில்லை. ஹெதரும் மெல்லச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டபின், "வேணும்னா கடுதாசி எழுதிக்கலாமே?" என்றாள்.

"எழுதினாலும் பேசினதுதானே?"

கடைசியில் நீள வராந்தாவின் இரண்டு கோடியிலும் இருந்த அறைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, மதியத்துக்கு மேல் அறை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஆல்வின் வராந்தாவில் நடந்தால் முன்கூட்டியே இருமுவான்; டெல்மா சுவரைப் பார்த்துக்கொள்வாள். வந்த முதல் வாரம் அவன் இருமிய இருமலில் சுகாதார நிலையத்து நர்ஸ் மருந்தே கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த தொல்லை உடனே வந்தது. காலையில் அவன் எந்தக் கதையைச் சொன்னான் என்று தெரிந்தால்தானே மதியம் இவள் அதைத் தொடர முடியும்? மூன்றாவது ஆள் வழியாகச் சேதி போனால் முறை தப்பாது. வகுப்புப் பிள்ளைகளில் ஷாண்டெலைக் கூப்பிட்டாள். முன்பற்கள் இரண்டும் விழுந்த, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பெண். டெல்மாவை அவள் சித்தி என்பாள். அந்த முறையில் ஆல்வின் அவளுக்கு அத்தான்.

"அந்தப் பக்கம் போய், காலையில என்ன கதைன்னு கேட்டுட்டு வா."

ஷாண்டெல் ஓடினாள். வாசலில் நின்றபடியே கிரியோலில் கத்தினாள்: "அத்தான்! சித்தி கேக்குது! என்னா கதை சொன்ன?"

ஆல்வின் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "யாரோ கூவற மாதிரி இருக்கே. காக்காவா?"

"நான்தான் அத்தான்!"

"மாமியார்கிட்டருந்து சேதி இப்படியா வரும்? அவங்க மானம் என்ன ஆவறது? என் மானம் என்ன ஆவறது? போ, போய் ஒழுங்காக் கேட்டு வாங்கிட்டு வா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷாண்டெல் திரும்பி வந்தாள். டெல்மாவுக்கு மருமகன் மேல் உள்ளூர ஒரு பெருமை. எவ்வளவு படித்தாலும் முறை தெரிந்த பிள்ளை. ஷாண்டெலைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மருமகனுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் முதலில் உட்கார வேண்டும். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். கேட்பதை நேராகக் கேட்கக் கூடாது. 'அந்தப் பக்கத்துல ஒருத்தங்க மனசுல இப்படித் தோணிச்சாம்' என்று சுற்றிவளைத்து, நிதானமாக, மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். கிரியோலில் அது நடக்காது. அந்தப் பணிவு அவர்கள் மொழியில் மட்டும்தான் இருக்கிறது.

ஷாண்டெல் இரண்டாம் முறை பாதியில் மறந்து திரும்பி வந்தாள். மூன்றாம் முறை சொல்லி முடித்தாள். ஆல்வின் அதே பணிவோடு, சுவரைப் பார்த்தபடி, பதில் சொல்லி அனுப்பினான். அதையும் அவள் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கதையைத் தொடர நேரமில்லாமல் போனது வேறு விஷயம்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் நாள் போகப் போகச் சேதிகள் பெருகின. சுண்ணக்கட்டி தீர்ந்துபோனால் சேதி, ஒரு பிள்ளைக்குக் காது வலித்தால் சேதி, ரேலின் நெருப்பில் சுட்ட ரொட்டி மீந்திருந்தால் சேதி. தூது போக நான், நீ என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். தூது போகிறவர் வராந்தாவில் நடக்கும்போது பெரிய மனுஷ நடை நடப்பதும், மற்றவர்கள் பின்னாலிருந்து அதைப் பார்த்துக் கேலி செய்வதும் வாடிக்கையாகிவிட்டது.

ஹெதர் மகிழ்ந்துபோனாள். "பேசறாங்களே டெல்மா!"

"எங்க பேசறாங்க? நான் சொன்னதை அங்க போய்ச் சொல்றாங்க. அவரு சொன்னதை இங்க வந்து சொல்றாங்க. கிளியும் அதைத்தானே செய்யும்? சொந்தமா ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் பேச்சுன்னு ஒத்துக்கறேன்."

அவள் பயமும் அதுதான். கேள்வி கேட்டால் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். பதில் கிரியோலில் வந்தது, அல்லது வரவே இல்லை. அதிகாரி வரும் நாள் நெருங்க நெருங்க டெல்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிகாரியின் பெயர் பிரெண்டன். சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, புழுதி தெரியாத காலணி. ஆனால் ஆளைக் குறை சொல்லக் கூடாது; பிள்ளைகளோடு தரையில்தான் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் முழங்காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டன்னு அவங்க மொழியில சொல்லச் சொல்லுங்களேன்" என்றார்.

டெல்மா கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கழுத்து நீண்ட ஆமையின் படத்தைத் தூக்கிக் காட்டினாள். போன வாரம்தான் எல்லோருமாகப் பிடித்துச் சுட்டுத் தின்ற ஆமை. ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்றான், கிரியோலில். புது ஆள் முன்னால் வாய் திறப்பது அந்தப் பிள்ளைகளுக்கு உயிர் போகிற வெட்கம். டெல்மாவுக்கு அது தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியுமா? அவர் முதலில் போய்வந்த அந்தக் கோடி அறையிலும் இதே கதைதான் என்பது ஹெதர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது.

"ஒரு தேநீர் குடிச்சிட்டு வந்து மறுபடி பார்க்கலாம்" என்றார் பிரெண்டன். குரலில் இரக்கம் இருந்தது. டெல்மாவை அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

அவர்கள் ஆசிரியர் அறைக்குப் போனதும் அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று. ரேலினுக்குப் போனதுபோல இவர்களுக்கும் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் ஷாண்டெல் வந்து காலடியில் உட்கார்ந்து, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டாள். நிதானமாக, அவர்கள் மொழியில், சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கத்துல ஒருத்தர் மனசுல ஒண்ணு தோணிச்சாம். வெயில்ல சின்னதுங்க எல்லாம் வாடிக் கிடக்காம். மேல்மடுவுக்குக் கூட்டிட்டுப் போனா அந்த வெள்ளைக்காரர் முன்னாடி வாய் திறக்கும்னு தோணிச்சாம். இந்தப் பக்கத்து மனசு நோகாம இருந்தா அவரு பாறை வழியாப் போவாராம். நீங்க மர நிழல் வழியா வரலாமாம்."

டெல்மாவுக்கு மனம் இளகிவிட்டது. இந்த நெருக்கடியிலும் யோசிக்கத் தெரிந்த மருமகன்! மாமியாருக்கு வெயில் ஆகாது என்று நிழல் வழியைக்கூட ஒதுக்கியிருக்கிறான்.

"அப்படியே ஆகட்டும்னு சொல்லு" என்று எழுந்தாள்.

மேல்மடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது; முதலை ஏறி வராத இடம். டெல்மா தன் கூட்டத்தோடு நிழல் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது எதிர்க்கரைப் பாறையில் ஆல்வின் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவளும் முதுகைத் திருப்பிக்கொண்டு அமர்ந்தாள். பிள்ளைகள் போட்ட உடுப்போடு தண்ணீரில் குதித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹெதர் மூச்சிரைக்க வந்தாள். முகம் சிவந்திருந்தது. பின்னால் பிரெண்டன், கையில் இன்னும் தேநீர்க் கோப்பையோடு.

"டெல்மா! ரெண்டு அறையும் காலி! இன்னிக்குன்னு பார்த்து யாரு இங்க வரச் சொன்னது?"

"நீங்கதான் அவருகிட்டச் சொன்னீங்களோன்னு நினைச்சேன். அவருதானே சொல்லி அனுப்பினாரு."

ஹெதர் மடுவைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடினாள். ஆல்வினிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மறுபடி சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"உங்ககிட்டருந்துதான் சேதி வந்துச்சுங்கறாரு!"

டெல்மா சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். எதிர்க்கரையில் ஆல்வினின் முதுகும் விறைத்து நிமிர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியாது என்பதை அந்தப் பல் விழுந்த சிறுக்கி எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ!

"ஷாண்டெல்!"

தண்ணீருக்கு மேலே தெரிந்த தலைகளில் ஒன்று சட்டென்று உள்ளே போயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். மூச்சு முட்டியதும் வேறு வழியில்லாமல் மேலே வந்தாள்.

"அங்க போய் என்னடி சொன்ன?"

ஷாண்டெல் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பழக்கதோஷத்தில் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஒப்பித்தாள். "அந்தப் பக்கத்துல ஒருத்தங்களுக்கு முழங்கால் நோவாம். தண்ணியில காலை நனைச்சாத் தேவலைன்னு தோணிச்சாம். வாய்விட்டுக் கேக்க அவங்களுக்குக் கூச்சமாம். நாமளே கூட்டிட்டுப் போற மாதிரிப் போயிட்டா அவங்க மானமும் நிக்குமாம்."

டெல்மாவுக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. சுற்றிவளைக்கிற முறையைத் தவிர, இதில் ஒரு வார்த்தைகூட அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. முழங்கால் வலியை அவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொன்னதும் இல்லை. உட்கார்ந்து எழும்போது பார்த்திருக்கிறாள் இந்தக் குட்டி. மாமியாருக்கு ஒரு பொய், மருமகனுக்கு வேறொரு பொய். கேட்கிறவர் மனசு அறிந்து, மறுக்கவே முடியாதபடி, இம்மியளவும் மரியாதை குறையாமல் கட்டிய பொய்கள். கிளிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"என்ன சொல்றா?" என்றார் பிரெண்டன்.

டெல்மா இரண்டு சேதிகளையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அப்ப இதெல்லாம் நீங்க கத்துக்கொடுத்தது இல்லையா?"

"நானா? பொய்யா? எல்லாம் அவளாக் கட்டினது. சுத்தப் பொய்யி, சார்!" என்றாள் டெல்மா. தன் பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்கிறவள்போல இருந்தது அவள் முகம். "முழுசா எங்க மொழியில சொன்ன பொய்யி!"

அதற்குள் தண்ணீரில் பெரிய சண்டை மூண்டிருந்தது. காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று ஷாண்டெலை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவன்தான் முதலில் ஆரம்பித்தான். "பல்லு விழுந்த வாயில பொய்யி தங்குமா? அதான் ஒழுகிடுச்சு!" என்று அவர்கள் மொழியிலேயே கத்தினான். தூது என்று வந்துவிட்டால் அந்த மொழிதான் என்று ஆகிவிட்டதால், தூதுக்காரியைத் திட்டவும் அதுவே வந்துவிட்டது போலிருக்கிறது. "உனக்கும் சேத்துத்தானடா பொய் சொன்னேன், ஆமைக் கழுத்தா! நன்றி கெட்டவனே!" என்று அவள் தண்ணீரை வாரி அடித்தாள். எதிர்க்கரையில் ஆல்வினின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பிரெண்டன் ஒரு வார்த்தையும் புரியாமல் அந்தச் சண்டையை முழுக்க நின்று கேட்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றார் கடைசியில். "வகுப்பு நடக்கட்டும். நான் எழுதிடறேன். இங்க வந்து கேட்டுட்டும் நான் வேற மாதிரி எழுத முடியாது." பிறகு ஹெதரைப் பார்த்து, "ரெண்டு அறையும் இப்படியே தள்ளித்தள்ளி இருக்கட்டும்" என்றார்.

ஹெதர் டெல்மாவைக் கட்டிக்கொண்டாள். டெல்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டாள். ஆனாலும் செய்த குற்றத்துக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே. முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீரோரம் போய் நின்றாள்.

"வாடி இங்க. பெரியவங்க பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமா?"

ஷாண்டெல் கரைக்கு வந்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராக நிமிர்ந்து, அதே மொழியில் கேட்டாள்: "அது பொய்யா சித்தி? உனக்கு முழங்கால் வலிக்குதா இல்லையா?"

டெல்மா அத்தனை வருஷமும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவள். ஒரு பிள்ளை தன்னைக் கேள்வி கேட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பதிலுக்காக நிற்பது இதுதான் முதல் தடவை.

"வலிக்குதுடி" என்றாள்.

"அப்ப காலை நனை" என்றாள் ஷாண்டெல்.

டெல்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.